அகிற்புகையின் திணை

இலக்கியத்தைத் திறனாய்வது போல நறுமணத்தையும் திறனாய முடியுமா என்னும் வினா முதற்கண் விளையாட்டாகத் தோன்றலாம். கவிதைக்குச் சொல் உண்டு. ஓவியத்துக்குக் கோடும் வண்ணமும் உண்டு. இசைக்குச் சுரம் உண்டு. தோன்றிய கணத்திலிருந்தே அழியத் தொடங்கும் மணத்தை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? மேலைநாட்டார் வாசனைப் பொருள்களுக்கும் மதிப்புரை எழுதுகின்றனர். ஆயினும் அம்மதிப்புரைகளுட் பல, ‘இது ஆணுக்கு உரியது, இது பெண்ணுக்கு உரியது, இது இருபாலர்க்கும் பொது’ என்னும் பகுப்பிலே தொடங்கி, ‘எத்தனை மணி நேரம் நிற்கும், எவ்வளவு தொலைவு வீசும்’ என்னும் கணக்கிலே முடிந்துவிடுகின்றன.

தமிழ்ப் புலவர்கள் மணத்தைக் கண்ட முறை வேறு. எந்த நிலத்தில், எந்தப் பொழுதில், யாருடைய நிலைமையைச் சொல்ல ஒரு மணம் எழுகிறது என்பதே அவர்கள் நோக்கிய நோக்கு. மரமும் புகையும் கலந்து நாறும் மணத்துக்கு இந்நோக்கே மிகவும் பொருந்துவது. அதனை நிறுவுதற்கு, இருபாலர்க்கும் பொதுவென இன்று விற்கப்படும் ஒரு வாசனைப் பொருளை அதன் மூதாதையாகிய அகிலோடு வைத்து, சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக் காற்றில் நிறுத்தி ஆராய்தல் தகும்.

புண்ணில் பிறக்கும் மணம்

அகில் மரம் இயல்பாக மணப்பதன்று. தாவர நூலார் ‘அக்குலேரியா’ என வழங்கும் அம்மரத்தின் நலமான கட்டை வெளிறியது, எடை குறைந்தது, மணம் அற்றது என்றே சொல்லலாம். மரத்தில் புண் ஏற்பட்டு, அப்புண்ணில் பூஞ்சை தொற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மரம் கருநிறப் பிசின் ஒன்றைச் சுரக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பிசின் கட்டையில் ஊறி அதனைக் கறுக்கச் செய்கிறது, கனக்கவும் செய்கிறது. உயர்ந்த அகிற்கட்டை நீரில் அமிழ்ந்துவிடும். அதுபற்றியே சீனர் அதற்கு ‘அமிழும் நறுமணம்’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். தமிழ்ப் புலவர் அகிலைச் சொல்லுமிடத்து, வயிரம் என்று பொருள்படும் ‘காழ்’ என்னும் சொல்லை அடையாகச் சேர்ப்பதும் இக்கருமையையும் திண்மையையும் கருதியே எனலாம்.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. அகிலிலிருந்து வடித்த எண்ணெயின் மணமும், அகிலைத் தணலிலிட்டு எழுப்பும் புகையின் மணமும் ஒன்றல்ல. எண்ணெயில் தோலும் விலங்கும் புளித்த மரமும் நினைவுக்கு வரும் கனத்த வாடை முந்தி நிற்கும். புகையிலோ இனிமையும் ஒருவகைக் குளிர்ச்சியும் முந்தி நிற்கும். பிசினில் உள்ள குரோமோன் என்னும் சேர்மங்கள் சூட்டில் சிதைந்து புதிய மணப்பொருள்களாக மாறுவது இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆகவே தீ இங்கே வெறுங்கருவியன்று. மணத்தைப் படைப்பதில் அதுவும் பங்கு கொள்கிறது. இதனை மனத்திற் கொண்டால்தான், புட்டியில் அடைத்த புகைமணம் எத்தகைய அரிய செயலை மேற்கொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

கபிலரின் தலைவனும் நக்கீரரின் மகளிரும்

அகிற்புகை என்றவுடன் மகளிர் கூந்தலே பலர்க்கும் நினைவில் எழும். அந்நினைவு தவறன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவியின் கூந்தல் ஆட்டப்படுகிறது. பின்னர்ப் புகையில் உலர்த்தப்படுகிறது. அதன்பின் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. நீர், புகை, குழம்பு என மூன்று அடுக்குகளாக மணம் கட்டப்படும் முறையை இளங்கோவடிகள் ஒரு கைத்தொழிலாளியின் ஒழுங்கோடு சொல்லிச் செல்கிறார்.

ஆயினும் அகிற்புகை மகளிர்க்கே உரியது என்று முடிவு கட்டுவார் குறிஞ்சிப்பாட்டைக் கருதியவராகார். கபிலர் அப்பாட்டில் காட்டும் தலைவன் ஆண்மகன்; வேட்டை நாய்களோடு மலைச்சாரலில் வருபவன். அவனுடைய எண்ணெய் நீவிய சுருண்ட மயிர், தகரச் சாந்து மணக்கக் கழுவப்பட்டு, விரலால் உளர்ந்து ஈரம் புலர்த்தப்பட்டு, அகிற்புகை ஊட்டப்பெற்றது என்று தோழி செவிலியிடம் எடுத்துரைக்கிறாள். மாதவிக்குச் செய்யப்பட்ட அதே ஒப்பனை முறை இங்கே ஓர் ஆண்மகனுக்குச் செய்யப்பட்டிருக்கிறது. இதனைத் தோழி வியப்பாகவோ விலக்காகவோ குறிக்கவில்லை. அவன் தகுதியுடையவன் என்பதற்கு அடையாளமாகவே குறிக்கிறாள். இருபாலர்க்கும் பொதுவான மணம் என்று இக்காலத்தார் புதுமையாக அறிவிப்பது, கபிலர்க்கு அறிவிக்கவே தேவையில்லாத இயல்பாக இருந்தது.

அப்படியாயின் பழந்தமிழர் மணத்தைப் பகுக்கவே இல்லையா? பகுத்தனர்; பொழுதால் பகுத்தனர். நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்து நகரைக் காட்டும் பகுதி இதற்குச் சான்று. வாடை வீசும் அந்நாளில் சந்தனம் அரைக்கும் கல் தொழிலின்றிக் கிடக்கிறது. குளிர்ச்சி தரும் சாந்தை யார் விரும்புவார்? மகளிர் மாலை சூடுவதையும் விடுத்து, கூந்தலில் சில மலரே வைப்பதற்காக, தகர விறகில் நெருப்பு மூட்டி, அகிலோடு வெள்ளிய அயிரையும் இட்டுப் புகைக்கின்றனர். வெயிலுக்குச் சந்தனம், குளிருக்கு அகில் என்னும் இப்பகுப்பில் ஆண்பால் பெண்பால் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

‘அயிர்’ என்பதற்குக் கண்டசருக்கரை என உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். புகையின் கைப்பை மாற்றச் சருக்கரையை உருக்கிச் சேர்த்த அம்மகளிரின் செயலையே, இன்றைய வாசனைக் கலைஞர் புகைமணத்தின் அடியில் வனிலாவையும் டோங்கா விதையையும் வைப்பதன் மூலம் திரும்பச் செய்கின்றனர்.

நெடுநல்வாடையில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. நகரத்து மகளிர் இவ்வாறு புகையூட்டிக்கொண்டிருக்க, அரண்மனையில் அரசியோ போர்மேற் சென்ற தலைவனை எண்ணி ஒப்பனை துறந்து கிடக்கிறாள். மணம் உள்ள இடத்தைச் சொல்லி, மணம் இல்லாத இடத்தின் துயரை உணர்த்துவது நக்கீரர் கையாளும் முறை. மணம் அங்கே அலங்காரமாக நில்லாமல் உரிப்பொருளைச் சுமக்கிறது.

கிழக்கிலிருந்து வந்த மரம்

இம்மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் இலக்கியமே சொல்கிறது. ஊர்காண் காதையில், அகிலும் துகிலும் ஆரமும் வாசமும் கருப்பூரமும் ஏற்றிய கப்பல்கள் கீழ்க்காற்றோடு வந்து சேர்வதாக இளங்கோவடிகள் பாடுகிறார். அவ்விடத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என அகிலின் வகைகளை அடுக்குகிறார். அருமணம் கீழைப் பருமாவையும், தக்கோலம் மலாய்த் தீவக்குறையின் மேற்குக் கரையையும், கிடாரம் கெடாவையும் குறிப்பன என ஆய்வாளர் கருதுவர். கம்போடிய அகில், அசாம் அகில் என்று நிலம்பெயர் சொல்லித் தரம் பிரிக்கும் இன்றைய வணிக வழக்கை, அவ்வுரையாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் பொறித்துவிட்டார்.

ஆக, மதுரைக் கூந்தல்களில் ஏறிய புகையிற் பெரும்பகுதி இக்கீழ்க்கடல் நாடுகளின் காடுகளிலிருந்து சென்றதே. மலாய் மொழியில் அம்மரம் ‘காஹாரு’, வடமொழியில் ‘அகரு’, தமிழில் ‘அகில்’. தென்னிந்தியக் கரைகளில் கேட்ட சொல்லைப் போர்ச்சுக்கீசியர் ‘ஆகிலா’ என வழங்க, அது கழுகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு மயங்கி, ஆங்கிலத்தில் ‘கழுகு மரம்’ என்றே ஆகிவிட்டது. கழுகுக்கும் இம்மரத்துக்கும் எத்தொடர்பும் இல்லை. இதற்கு மாறாக, ‘வெட்டிவேர்’ என்னும் தமிழ்ச்சொல் பிரெஞ்சு மொழியில் ஏறத்தாழ அதே ஒலியோடு நிலைத்தது. பாரிசில் 1957-இல் கார்வென் நிறுவனமும் 1959-இல் கெர்லான் நிறுவனமும் தம் வாசனைப் பொருள்களுக்கு அதனையே பெயராக இட்டன.

புதிய புட்டியும் பழைய பொருளும்

மேலைநாட்டுக் கடைத்தெருவில் அகில் பரவலாக அறிமுகமானது அண்மைக் காலத்தில்தான். 2002-இல் ஈவ் சான் லோரான் நிறுவனம் ‘எம் 7’ என்னும் பெயரில், ஆண்களுக்கென, அகில்மணம் ஓங்கிய ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் கலைப்பொறுப்பை அப்போது வகித்தவர் டாம் ஃபோர்டு. பின்னர் அவர் தம் பெயரிலேயே தொடங்கிய நிறுவனத்தின் வழியாக, 2007-இல் ‘ஊத் வுட்’ வெளிவந்தது. இம்முறை அது ஆணுக்கென்றோ பெண்ணுக்கென்றோ விற்கப்படவில்லை. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மரம் ஆண்பாலிலிருந்து பொதுப்பாலுக்கு மாறியது. மாறியது மரமன்று, விற்பவர் சொல்லே என்பதை எடுத்துக்காட்ட இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரபு மொழியில் ‘ஊத்’ என்பதே மரக்கட்டையைக் குறிக்கும். எனவே அப்பெயருக்கு ‘மரமரம்’ என்பதே பொருளாகும். ‘நடுசென்டர்’ என்னும் பேச்சுவழக்கைக் கேட்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வாசனைப் பொருளை முதல், கரு, உரி என்னும் மூன்றாலும் அளந்து பார்க்கலாம்.

கருப்பொருள் நிலையில் இது செல்வம் நிறைந்தது. தொடக்கத்தில் ஏலமும் சீன மிளகும் எழும். அவற்றுக்குள்ளிருந்து சந்தனமும் வெட்டிவேரும் அகிலின் சாயலும் விரியும். அடியில் டோங்கா விதையும் வனிலாவும் இனிப்பூட்டும். இவ்வகைப் பொருள்களில் அகிலின் மணம் பெரும்பாலும் பல மணங்களைக் கூட்டிப் புனையப்படுவது. கோரை இனத்தைச் சேர்ந்த நாகர்முத்தாவின் கிழங்கிலிருந்து வடித்த எண்ணெய், புகையும் மரமும் மண்ணும் கலந்த தன் வாடையால் இப்புனைவுக்கு வாசனைக் கலைஞர்க்குப் பெரிதும் உதவுவது. ஏலம், மிளகு, சந்தனம், வெட்டிவேர், கோரை என எண்ணிப் பார்த்தால், அஞ்சறைப் பெட்டியும் நாட்டு மருந்துக்கடையும் சேர்ந்து ஒரு புட்டியில் குடியேறியது போல இருக்கும். தேக்காவின் கடைகளில் வளர்ந்த மூக்கு எதுவும் இதனை அயல்மணம் என்று ஒதுக்காது.

உரிப்பொருள் நிலையில்தான் குறை தெரிகிறது. அகிலின் பிறப்பில் உள்ள புண்ணும், புகையின் பிறப்பில் உள்ள தீயும் இப்படைப்பில் மிகவும் மெருகேற்றப்பட்டு மறைக்கப்பட்டுள்ளன. கரடுமுரடு இல்லை, கைப்பு இல்லை, கண் கரிக்கும் அச்சம் இல்லை. இது புகையைச் சொல்லுகிறது, புகைவதில்லை. நல்ல நடையில் எழுதப்பட்டு, துயரம் என்னும் சொல்லைப் பலமுறை வழங்கி, துயரத்தை ஒருமுறையும் தராத பாட்டுக்கு இது ஒப்பாகும். அரபுத் தெருப் பகுதியில் 1933 முதல் தொழில் நடத்திவரும் ஜமால் கசூரா போன்ற அத்தர்க் கடைகளில், மதுசாரம் கலவாத அகிலெண்ணெயின் ஒரு துளியை மணிக்கட்டில் தடவிப் பார்த்தவர்க்கு இவ்வேறுபாடு உடனே புலனாகும். அத்துளி முதலில் வெறுப்பூட்டவும் கூடும். மாலைக்குள் விடாமல் ஈர்க்கவும் கூடும். ‘ஊத் வுட்’ வெறுப்பூட்டுவதில்லை. அதனாலேயே அவ்வளவு ஆழமாக ஈர்ப்பதும் இல்லை.

ஆயினும் இதன் அடக்கத்தை வெறுங்குறையாக மட்டும் கொள்வது நடுநிலையாகாது. அடக்கம் குறையா நிறையா என்பதை முதற்பொருள்தான் தீர்மானிக்கும். அதற்குக் குவீன்ஸ்டவுனுக்கு வரவேண்டும்.

குவீன்ஸ்டவுனின் பொழுது

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர் முன்னேற்ற அறநிதி 1950-களில் கட்டத் தொடங்கிய முதல் துணைநகரம். 1953-இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியார் நினைவாகப் பெயர் பெற்றது; பின்னர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் வளர்க்கப்பட்டது. பல இன மக்கள் ஒரே நடைவழியையும் ஒரே மின்தூக்கியையும் பகிர்ந்து வாழும் அடுக்குமாடிகளின் ஊர் இது.

இவ்வூரைப் புகைகளின் ஊர் என்றும் சொல்லலாம். 1932-இல் ரயில்வே தொழிலாளர்களின் சிறுகோயிலாக இருப்புப்பாதையருகே தொடங்கிய ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1998-இல் காமன்வெல்த் டிரைவில் புதிய கோயிலாக எழுந்தது; அங்கே சாம்பிராணி. ஸ்டர்லிங் சாலையில் 1977-இல் கட்டப்பட்ட முஜாஹிதீன் பள்ளிவாசல் இருக்கிறது. அகிற்சீவல் கலந்த ‘புகூர்’ புகைப்பது முஸ்லிம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். ஹாக்கா மக்களின் பழைய இடுகாடு அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கிறது. முன்னோர்க்கு வணக்கம் செலுத்தும் சிங் மிங் நாள்களில் அங்கே ஊதுபத்தி. சாம்பிராணியும் சுமத்திராவின் மரப்பிசினே. அகிலும் இந்நாடுகளின் மரமே. ஒரே காட்டின் பொருள்கள் மூன்று சமயங்களின் வழியாக ஒரே ஊரின் காற்றில் கலக்கின்றன. இப்புகைகளின் முன் நிற்கையில் ஆண் பெண் என்னும் பிரிவு எங்கும் எழுவதில்லை. கோயிலில் தூபம் காட்டும்போது, அப்புகையை இரு கைகளாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில் யாவரும் ஒரு நிகரே.

இனிப் பொழுது. சிங்கப்பூரில் கூதிர்க்காலம் இல்லை; பகல் வெப்பம் ஆண்டு முழுதும் 31, 32 பாகையை ஒட்டியே நிற்கிறது; காற்றில் ஈரம் மிகுதி. சூடான தோலில் மணத்துகள்கள் விரைந்து ஆவியாகும். அதனால் திறந்த நடைவழியில் நடப்பவர் மேனியில் ‘ஊத் வுட்’டின் ஏலமும் மிளகும் வெகு விரைவில் பறந்துவிடுகின்றன, எஞ்சுவது இனிப்போடு கலந்த மரம். நக்கீரரின் அளவுகோலை நேராக வைத்தால், இது சந்தனத்துக்குரிய நிலம். அகிலுக்கு இங்கே இடமில்லை.

ஆனால் இத்தீவு தன் கூதிரைத் தானே செய்துகொண்டது. 1988-இல் திறக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் பெருவிரைவு ரயில் நிலையத்தில் வண்டியின் கதவு திறந்ததும், நெடுநல்வாடையின் வாடைக்காற்று ஒரு சிறு அளவில் முகத்தில் அறைகிறது. அலுவலகம், நூலகம், கடைத்தொகுதி என எங்கும் குளிர்சாதனம். இங்கு வாழ்பவர் ஒருநாளில் பலமுறை வேனிலிலிருந்து கூதிருக்கும், கூதிரிலிருந்து வேனிலுக்கும் பெயர்கின்றனர். பெரும்பொழுதாக ஆண்டைப் பகுத்தது, இங்கே நாளைப் பகுக்கும் சிறுபொழுதாகச் சுருங்கிவிட்டது. வெயிலில் கரைந்தது போலத் தோன்றிய மரமணம், குளிர்ந்த வண்டிக்குள் மீண்டும் மெல்லத் தலைதூக்குகிறது. சட்டையின் மடிப்பில் ஒளிந்திருந்த புகை அங்கே வெளிப்படுகிறது. அகில் குளிருக்கு உரியது என்ற நக்கீரரின் விதி பொய்த்துவிடவில்லை. கூதிர் மட்டும் கூரைக்குள் குடிபுகுந்தது.

இச்சூழலில்தான் மேற்சொன்ன அடக்கம் தன் பொருளைப் பெறுகிறது. மின்தூக்கியில் பக்கத்து வீட்டார் அறுவர் தோளோடு தோள் நிற்கையில், தோலை விட்டு ஒரு சாணுக்கு மேல் வீசாத மணம் அண்டை வீட்டார்க்குச் செய்யும் மரியாதை. மலைச்சாரலில் தலைவனின் அகிற்புகை தொலைவிலேயே அவன் வரவைச் சொல்லலாம். அடுக்குமாடியில் அவ்வாறு சொல்வது அத்துமீறல் ஆகிவிடும். ஆகவே ‘ஊத் வுட்’ உரிப்பொருளில் இழந்ததை முதற்பொருளில் ஓரளவு ஈடு செய்கிறது. குறிஞ்சிக்கு இது பற்றாது, குவீன்ஸ்டவுனுக்குப் பொருந்தும். நெருக்கத்தில் வாழ்வோரின் பண்பாடு இதன் உரிப்பொருள் என்று கொண்டால், அதனை இது நேர்மையோடு நிறைவேற்றுகிறது.

அருகிவரும் இரண்டு

தீர்ப்பு இத்துடன் முடிந்துவிடவில்லை. இம்மணத்தின் மீதுள்ள வேட்கை காடுகளின் மேல் ஏறி நிற்கிறது. எந்த மரத்தினுள் பிசின் ஊறியிருக்கிறது என்பது வெளியில் எளிதில் தெரியாது. தேடுவோர் நல்ல மரங்களையும் வெட்டிச் சாய்த்துவிடுகின்றனர். மலாக்கா அகில் எனப்படும் இனம் 1995-இல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005-இல் அக்குலேரியாப் பேரினம் முழுவதுமே அவ்வாறு சேர்க்கப்பட்டது. மிகவும் அழியும் நிலையிலுள்ள இனமாகவும் மலாக்கா அகில் மதிப்பிடப்பட்டுள்ளது. கிடாரவன் என்று அடியார்க்குநல்லார் எழுதிய அகில் இவ்வினமாகவே இருத்தல் கூடும். அகில் வணிகத்தின் முதன்மையான இடைத்துறைகளுள் ஒன்றாகிய சிங்கப்பூரில் வாழ்வோர்க்கு இது தொலைவான செய்தியன்று. இவ்வகையில், மணத்தைக் கூட்டிப் புனையும் வாசனைக் கலைஞரின் செயலை ஏமாற்று என இகழ்வது பொருந்தாது. தோட்டத்தில் வளர்த்த அகிலும், கோரைக்கிழங்கின் எண்ணெயும் காட்டில் நிற்கும் ஒரு மரத்தையேனும் காக்குமாயின், அப்புனைவு போற்றத்தக்கதே.

மரத்தோடு சேர்ந்து சொல்லும் அருகிவருகிறது. நறை, விரை, கடி, வெறி, நாற்றம் என்று மணத்தைக் குறிக்கத் தமிழில் எத்துணைச் சொற்கள்! நாறுதல், கமழ்தல், வீசுதல் என அதன் செயலைக் குறிக்க எத்துணை வினைகள்! இன்று ‘நாற்றம்’ இழிபொருளுக்குச் சுருங்கிவிட்டது. ‘விரை’ பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. எஞ்சிய ‘வாசனை’ ஒன்றே எல்லாச் சுமையையும் சுமக்கிறது. ஆங்கிலப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து, ‘இருபாலர்க்கும் பொது’ என்று மொழிபெயர்த்துச் சொல்வதோடு தமிழரின் மணத்திறனாய்வு நின்றுவிடுமானால், கபிலரும் நக்கீரரும் விட்டுச்சென்ற அளவுகோல் பயனின்றிக் கிடக்கும். கூதிர்க்காலத்துச் சந்தனக்கல் போலவே கிடக்கும்.

ஒரு மணம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்பது அதனைப் பற்றிக் கேட்கத்தக்க வினாக்களுள் மிகச் சிறியது. அது எந்த நிலத்து மரம், எந்தப் பொழுதுக்கு ஏற்றது, யாருடைய அண்மையையோ பிரிவையோ சொல்கிறது என்பனவே பெரிய வினாக்கள். அவற்றைக் கேட்கத் தெரிந்தவர்க்கு, குவீன்ஸ்டவுனின் மின்தூக்கியில் ஒரு கணம் நின்று மறையும் புகைமணமும் படித்துப் பொருள் கொள்ளத்தக்க ஓர் அகப்பாட்டே ஆகும்.